இருவது எம்எம்

செருப்பக் கேட்டுக்கு வெளியவே உட்ருங்க தம்பி. ஆமாங்க, அந்த ஸ்டாண்டுலதான். உள்ள பிள்ளையார் இருக்காரு பாருங்க, கேட்டத் தொறந்தா சோத்தாங்கைப் பக்கம், அந்த மாடத்துல. அதனால காம்பவுண்டுக்குள்ள செருப்பு வரப்படாது. என்ற ஊட்டுக்காரி மரகதத்தோட சட்டம். ஊடு கட்டி முப்பத்தொரு வருசமா இதுதான் சட்டம். கரண்டு ரீடிங் எடுக்க வர்றவரு, சொந்தக்காரங்க, யாரா இருந்தாலும் வெறுங்கால்தான்.

இருங்க இருங்க! நேரா நடந்துராதீங்க. நடுவுல சிக்கிக்குவீங்க. செவுத்தோரமா செடிக்குச் செங்கல் வரிசை வெச்சிருக்கேன் பாருங்க, அது மேல ஒவ்வொரு காலா வெச்சு, கையச் செவுத்துல ஊனிக்கிட்டே வாங்க. அப்படித்தான். போஸ்ட்மேன் அப்படித்தான் வருவாரு. நல்லாப் பழகீட்டாரு. கேஸ் சிலிண்டர்காரர் மட்டும் கேட்டுலயே நின்னு ஹாரன் அடிப்பாரு, அவருக்குப் பொறுமை பத்தாது.

உக்காருங்க. இந்தத் திட்டு மேலயே உக்காருங்க. பொண்டாட்டி தண்ணி கொண்டாருவா. கொண்டார மாட்டா, ஆனா உங்களுக்குன்னா கொண்டாருவா. எங்கிட்டத்தான் நாலு நாளாப் பேச்சு இல்ல.

வாசலப் பாக்கத்தான வந்தீங்க? மொகத்தப் பாத்தாலே தெரியுது. இந்தப் பக்கம் ஊடு கட்டற ஆளுங்க நாலஞ்சு பேரு வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. நின்னு பாப்பாங்க, ஒண்ணும் பேச மாட்டாங்க, போயிருவாங்க. அசந்து போயிடறாங்க போல.

நான் ஆறுச்சாமிங்க. நெடுஞ்சாலைத் துறையில ரோடு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்திமூணு வருசம். ஜல்லியக் கையில அள்ளுனாப் போதும், சலிச்சதா சலிக்காததா, பாறை நல்ல பாறையா மட்டமா, அத்தனையும் சொல்லிருவேன். அதனால வாசலுக்கு என்ன போடறதுன்னு ஒருத்தன் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லீங்க.

முன்னால மண்ணுதான் இருந்துச்சு. மழை பேஞ்சா சேறு, வெயிலடிச்சாப் புழுதி. மரகதம் சிமெண்டு போடலாம்னா. சிமெண்டு போட்டா மழைத்தண்ணி அத்தனையும் ரோட்டுக்குப் போயிரும், நம்ம போர்வெல்லுக்கு ஒரு சொட்டு எறங்காதுன்னேன். டைல்ஸ் போடலாம்னா. வழுக்கி உழுந்து இடுப்ப ஒடச்சுக்கறதுக்கான்னேன். கல்லுதான் சரி. தண்ணி கீழ எறங்கும், சேறு ஆகாது, களை மொளைக்காது, திருடன் வந்தாலும் சத்தம் காட்டிக் குடுத்துரும்.

சரி, என்ன கல்லு? வாசல் முப்பதுக்கு இருவது. மூணு இஞ்சு கனத்துக்குக் கொட்டுனா நூத்தம்பது கன அடி, ஒண்ணரை யூனிட்டு. பெரிய பங்களாவுல எல்லாம் வெள்ளக் கூழாங்கல்லுப் போடறாங்கல்ல, அதக் கேட்டேன். எம்பதாயிரங்க! ஆத்துல சும்மா உருண்டு கெடந்த கல்லு, அதுக்கு எம்பதாயிரம். அவன் சொல்லும்போது சிரிக்கக்கூட இல்ல. காரமடைப் பக்கம் கிரசர்ல புதுசா ஒடச்ச ஜல்லி கேட்டேன், இருவது எம்எம், அதாவது முக்கா இஞ்சு, ஏழாயிரம், வண்டி வாடகை தனி. நாயமான வெலைதான். வாங்கியிருப்பேன். அந்த நேரம் பாத்துத்தான் முக்குல இருந்த பழைய கல்யாண மண்டபத்த இடிச்சாங்க.

அந்த மண்டபத்துலதான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. அதுக்காக எல்லாம் இல்லீங்க, சும்மாச் சொல்றேன். கான்கிரீட்டுக் கட்டி லோடு லோடாக் கெடக்குது, எடுத்துட்டுப் போனாப் போதும்னு அந்த ஓனர் சொன்னாரு. ஒடைக்கிற மிஷின் வெச்சிருக்கறவன் ஒருத்தன் இருக்கான், கம்பிய உருவிட்டு, அரைச்சு, சலிச்சு, இருவது எம்எம்முக்குப் பண்ணித் தருவான். ஒடைகூலி, டிராக்டர் வாடகை எல்லாம் சேத்து எவ்வளவுன்னு நெனைக்கறீங்க? ரெண்டாயிரத்து எட்டு நூறு. எம்பதாயிரம் எங்க, ரெண்டாயிரத்து எட்டு நூறு எங்க!

மரகதம் பாத்துட்டு, "தாலி கட்டுன எடத்தக் கொண்டாந்து கால்ல மிதிக்கப் போட்டுட்டீங்களே"ன்னா. அவளுக்கு எதையும் நல்ல விதமாப் பாக்கத் தெரியாது.

அதென்னங்க, குனிஞ்சு எதப் பாக்கறீங்க? ஓ, அந்த மொகமா? அது பேனருங்க. களை மொளைக்காம இருக்கக் கல்லுக்கு அடியில எதாச்சும் விரிக்கோணுமில்ல? யாரோ ஒருத்தரு ஊட்டு விசேசத்துக்கு வெச்ச பழைய பிளெக்ஸ் பேனரு, சும்மாக் கெடச்சுது. விரிச்சுட்டேன். அப்புறம் மழை பேஞ்சுது, தண்ணி எறங்கல, மேலயே நின்னுச்சு. கொசு. பொறவு கம்பிய வெச்சு ஓட்டை போட்டேன், இப்பப் பரவால்ல. கல்லு நகந்த எடத்துல மட்டும் யாரோ ரெண்டு கையையும் கூப்பிக் கும்புட்டுச் சிரிக்கறாங்க. ஊட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு வரவேற்பு மாதிரிதான் இருக்குது.

நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். பழைய கான்கிரீட்ட மேல போடக் கூடாது. அது எனக்குத் தெரியும். அடியில போட்டு இறுக்கீட்டு, மேல நல்ல கல்லோ பலகைக்கல்லோ போடோணும். நானே எத்தனையோ ரோட்டுல அப்படிப் போடச் சொல்லிக் காண்ட்ராக்டருங்களச் சத்தம் போட்டிருக்கேன். அப்புறம் ஏன் மேல போட்டேன்னா, அடியில போட்டா மேல போடறதுக்கு வேற கல்லு வாங்கோணுமில்லீங்க? அப்ப மிச்சம் புடிச்சு என்ன பிரயோஜனம்?

பாதத்துக்கும் நல்லதுங்க. ரத்த ஓட்டம். அக்குபிரஷர்னு காசு குடுத்துக் குத்திக்கறாங்க, நம்ம வாசல்ல சும்மா நடந்தாப் போதும். நானா? நான் பொறவாசல் வழியாத்தான் போறது. ஸ்கூட்டர் அங்கதான நிக்குது.

இந்த வாசல்னால எனக்கு வந்த கெட்ட பேரு இருக்குதே, அதச் சொல்லோணும். கேளுங்க.

எங்களுக்கு ஒரே பொண்ணு, பூங்கோதை. கால்நடை ஆஸ்பத்திரியில டாக்டர். கூட வேல பாக்கற பையன், உடுமலைக்காரரு, ரெண்டு பேரும் புடிச்சுப் போயி எங்ககிட்டச் சொன்னாங்க. சரின்னுட்டோம். ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையும் அவங்கம்மாவும் மொறைப்படி பொண்ணப் பாக்க வந்தாங்க. அவங்கம்மா செண்பகவல்லி டீச்சர், கணக்கு டீச்சர், ரிட்டையர் ஆயிட்டாங்க. நல்ல பருத்த உருவம். வீட்டுக்காரரு தவறிட்டாரு, பையன ஒத்த ஆளா வளத்தவங்க. அப்பத்தான் கல்லு போட்டு எட்டு நாளு. வாசல் அப்படியே சாம்பக் கலர்ல சும்மா ஜம்முனு இருந்துச்சு.

டீச்சர் கேட்டத் தொறந்தாங்க. பிள்ளையாரப் பாத்தாங்க. பக்திங்க அவங்களுக்கு, உடனே செருப்பக் கழட்டிட்டு, கன்னத்துல போட்டுட்டு, பழத்தட்டோட நடக்க ஆரம்பிச்சாங்க. நாலு எட்டு வந்தாங்க. நடை கொறஞ்சுது. அப்புறம் நின்னுட்டாங்க. சரியா நடு வாசல்ல. படிக்குப் பத்தடி, கேட்டுக்குப் பத்தடி. முன்னாலயும் வர முடியல, பின்னாலயும் போக முடியல. கையில தட்டு வேற. மொகமெல்லாம் வேத்துருச்சு.

நான் படியில நின்னு, "பதறாதீங்க டீச்சர். அது இருவது எம்எம்தான். பழகிரும்"னேன். தைரியம் சொல்றதுதான மரியாதை? சும்மா நிக்கறாங்களேன்னு, வெள்ளக் கூழாங்கல்லு என்ன வெலை, இது என்ன வெலைன்னு ரெண்டு வார்த்தை சொன்னேன். கணக்கு டீச்சராச்சே, புடிக்கும்னு நெனச்சேன்.

அவங்க ஒரு காலத் தூக்கி வெச்சாங்க பாருங்க, மிஷின்காரன் உருவாம உட்ட கட்டுக்கம்பி ஒண்ணு இத்துனூண்டு, குதிகால்ல ஏறிருச்சு. ரத்தம். தட்டு உழுந்து ஆரஞ்சு எல்லாம் கல்லு மேல உருளுது. பூங்கோதை பட்டுச் சேலையோட ஓடியாந்து, வலிக்க வலிக்க ஓடியாந்தா தம்பி, அங்கயே உக்காந்து கம்பிய எடுத்து, மாட்டுக்குப் போடற மருந்தப் போட்டுக் கட்டுனா. எந்திரிச்சு எங்கிட்டச் சொல்றா, "அப்பா, நீங்க வாசல் போடல. ரோடு போட்டிருக்கீங்க. இதுல லாரி போகலாம், மனுசங்க நடக்க முடியாது"ன்னு. வந்தவங்க முன்னாலயே.

கல்யாணம் நடந்துச்சுங்க, நடக்காம என்ன. நல்லாவே நடந்துச்சு. ஆனா அந்த டீச்சர் அதுக்கப்புறம் இந்த ஊட்டுப் படி ஏறல. தீவாளிக்குக் கூப்புட்டோம், பொங்கலுக்குக் கூப்புட்டோம். "வர்றனுங்க சம்பந்தி, கால் ஆறட்டும்"பாங்க. ரெண்டு வருசமா ஒரு கால் ஆறுதுங்களா?

இப்ப என்னாச்சுன்னா, பூங்கோதைக்கு ஏழு மாசம். வளைகாப்பு ஆயிருச்சு. தலைப் பிரசவம், அம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். மரகதம் அந்த ரூம வெள்ளையடிச்சு, தொட்டில் கட்டக் கொக்கி மாட்டி, புதுசா மெத்தை வாங்கிப் போட்டு வெச்சிருக்கா. டீச்சர் போன் பண்ணிச் சொல்றாங்க, "புள்ளத்தாச்சியான பொண்ணு உங்க வாசல்ல நடக்க மாட்டா. கால் பெசகி உழுந்தா யாரு பொறுப்பு? வாசல மாத்துங்க, அனுப்பறேன். இல்லீன்னா பிரசவம் இங்கயே."

நான் பொறவாசல் வழியாக் கூட்டிட்டு வந்தரலாம்னு ஒரு வழி சொன்னேன். ரெண்டு பொம்பளைகளும் ஒண்ணு சேந்துட்டாங்க. தலைப் பிரசவத்துக்கு வர்றவ முன்வாசல்ல ஆரத்தி எடுத்துத்தான் உள்ள வரோணுமாம். சரி, அப்படீன்னா செருப்புப் போட்டுட்டு வரட்டும்னேன். மரகதம், "பிள்ளையார் முன்னால செருப்பா?"ன்னா. பாத்தீங்களா? கல்லு போட்டது நானு. செருப்புப் போடக் கூடாதுங்கறது அவ. ரெண்டும் சேந்துதான குத்துது? அப்ப என்னைய மட்டும் சொன்னா எப்படி? நீ சட்டத்த மாத்து, நான் கல்ல மாத்தறேன்னேன். அன்னிக்கு நிறுத்துனதுதான் பேச்சு. இப்ப எதுனாலும் பிள்ளையார் கிட்டத்தான் சொல்றா, எனக்குக் கேக்கற மாதிரி. "பிள்ளையாரே, சோறு ஆறிப் போகுது." "பிள்ளையாரே, மோட்டார நிறுத்தச் சொல்லு." அவரும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா தம்பி? என்ற புள்ள இந்த ஊட்டுல பொறந்தவ. அவ புள்ளையும் இங்கதான் மொதல்ல அழுகோணும், நான் கேக்கோணும். தெனம் சாயங்காலம் அந்த ரூமுல போயிச் சும்மா நின்னுட்டு வருவேன். ஆனா முப்பத்திமூணு வருசம் ஜல்லியோடயே இருந்தவன் போட்ட வாசலத் தப்புன்னு ஒரு கணக்கு டீச்சர் சொல்லி நான் மாத்தறதா?

என்னங்க அது? பையில இருந்து என்ன எடுக்கறீங்க? டேப்பா? எதுக்கு டேப்பு?

அம்மா போன் பண்ணி வரச் சொன்னாங்களா? எந்தம்மா? மரகதமா!

அப்ப வாசலப் பாக்க நீங்களா வரலையா? பேவர் பிளாக் போடறவரா நீங்க? அதச் சொல்ல வேண்டாமா மொதல்லயே! நான் பாட்டுக்கு ஒரு மணி நேரமாப் பேசீட்டிருக்கேன், நீங்களும் தலையத் தலைய ஆட்டறீங்க. டேப்ப உள்ள வைங்க தம்பி. ஒண்ணும் அளக்க வேண்டாம். அவ போன் பண்ணுனாப் போதுமா? வாசல் யாரு போட்டது?

ஏ மரகதம்! இங்க வா. இவரு யாரு, எதுக்கு வரச் சொன்னே?

வந்தா பாருங்க, படிக்கு. கையில ஆரத்தித் தட்டு வேற. எதுக்குங்க தட்டு? கேளுங்க, பிள்ளையார் கிட்டச் சொல்றா. "பிள்ளையாரே, ஆள் வர்றாரு, வாசல் இன்னிக்குச் சரியாயிரும்னு காலையிலயே டீச்சர் கிட்டப் போன்ல சொல்லிட்டேன். கௌம்பி வந்துட்டிருக்காங்க"ங்கறா.

யாரு வந்துட்டிருக்காங்க?

அட, கேட்டுல காரு. டீச்சர் காருங்க அது! முன்னால எறங்கறது டீச்சர். பின்னால... பூங்கோதை. தம்பி, அதுதான் என்ற பொண்ணு. அந்தப் பச்சைச் சேலை. எப்படி எளச்சுப் போயிட்டா பாருங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டு எறங்கறா. டேய் கண்ணு, மெதுவா!

செருப்பக் கழட்டறா. வார் வெச்ச செருப்பு. குனிய முடியல அவளால. பாத்தீங்களா, டீச்சர் அந்த ஒடம்ப வெச்சுக்கிட்டுக் குனியறாங்க. மருமகளுக்குச் செருப்பு வாரக் கழட்டி உடறாங்க தம்பி, அந்தம்மா.

இரு கண்ணு, வெறுங்கால்ல வராத. அங்கயே நில்லு. நில்லுன்னா நில்லு! அப்பா வர்றேன். கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன். தம்பி, நகருங்க சித்த, செங்கல் மேல சுத்திப் போக எல்லாம் நேரம் இல்ல, நேரா...

ஆ.

ஐயோ. ஆ, அம்மா... பொறுங்க... ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஐயோ, இது என்னங்க இது! உயிர் போகுது! மிஷின்காரன் ஏமாத்திட்டான் தம்பி, இது சலிக்கவே இல்ல! எப்படிங்க இதுல மனுசன் நடக்கறது?

சிரிக்காதீங்க. ஒரு காலத் தூக்குனா இன்னொரு காலு போயிருது. படி எங்க இருக்குது... பத்தடி. கேட்டு... அதுவும் பத்தடி.

டீச்சர், வாங்க, வணக்கமுங்க. என்னங்க? கேக்கலீங்க.

என்ன சொல்றாங்க தெரியுதுங்களா தம்பி? கேட்டப் புடிச்சுட்டு நின்னுக்கிட்டு, "பதறாதீங்க சம்பந்தி. இருவது எம்எம்தான். பழகிரும்"ங்கறாங்க.

ரெண்டு வருசமா மனசுல வெச்சிருக்காங்க பாருங்க. சொல்லட்டும். சொல்ல வேண்டியதுதான். அன்னிக்கு அவங்க கையில பழத்தட்டு வேற இருந்துச்சு. எனக்கு அதுகூட இல்ல.

பூங்கோதை, நீ வராத கண்ணு! வெறுங்காலு!

இருங்க, மரகதம் என்னமோ கத்தறா. "செருப்ப மாட்டு கண்ணு! செருப்போடயே வா! பிள்ளையார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான் சொல்லிக்கறேன்!" கேட்டீங்களா? முப்பத்தொரு வருசச் சட்டம் தம்பி. ஜில்லாக் கலெக்டர் வந்தாலும் கழட்டித்தான் வரோணும்னு சொன்னவ.

நான் செயிச்சுட்டேன்னுதான சொல்லோணும் இப்ப? கல்லு அப்படியே இருக்க, சட்டந்தான மாறுச்சு? ஆனா செயிச்ச மாதிரி இல்லீங்க. காலு வலிக்கறதுனால சொல்லல.

தம்பி, டேப்ப எடுங்க. எடுங்கங்கறேன். கேட்டுலருந்து படி வரைக்கும் இருவதடி, நாலடி அகலம். இல்ல, அஞ்சடி போட்டுருங்க, தொட்டில் வண்டி எல்லாம் வரும். நல்ல பேவரா, மேல வழுக்காத மாதிரி. இந்தக் கல்ல வெளிய கொட்டீராதீங்க. அந்தப் பேனர உருவிட்டு, இதையே அடியில போட்டு இறுக்கி, மேல கிரசர் பவுடரு, அதுக்கு மேல பேவர். அதுதான் மொறை. எங்க கல்யாண மண்டபம் அது, அடியிலயே இருக்கட்டும். இன்னிக்கே ஆரம்பிங்க. வெலையா? அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

வர்றாங்க பாருங்க, மாமியாளும் மருமகளும், ரெண்டு பேரும் செருப்போட, கையக் கோத்துக்கிட்டு. என்னையத் தாண்டித்தான் போகோணும். என்ன கண்ணு, சிரிக்கறே? போ, போ, அம்மா தட்டோட நிக்கறா, மொதல்ல ஆரத்தி எடுத்துக்க. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அப்பா இங்கயே நிக்கறேன்.

தம்பி, ஒரு உதவி. பொறவாசல்ல என்ற செருப்புக் கெடக்குது, அத எடுத்துட்டு... இருங்க, இருங்க. போகாதீங்க. கேளுங்க.

"ஏனுங்க, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. நான் செருப்பு எடுத்துட்டு வர்றேன்."

எங்கிட்டத்தாங்க சொல்றா. பிள்ளையார் கிட்ட இல்ல.